கஞ்சா டப்பாவில் ஹெம்ப் என்று எழுதினால் போதுமா?

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி விற்பனையாகிறது. கூடவே பிளாஸ்டிக் குப்பையும் பெருகியது. ஒரு கிராம் உலர்பூவுக்கும் தடித்த டப்பா, அழுத்தித் திருகும் மூடி, சில வேளைகளில் வெளியே ஓர் அட்டைப்பெட்டி. குழந்தைகள் திறக்க முடியாதபடியும், பிரித்தால் தெரியும்படியும் பொதி இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. கஞ்சா கலந்த தின்பண்டமானால், போதை தரும் பொருளான டிஎச்சி ஒரு பொதியில் 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஆகவே ஓரிரு மிட்டாய்க்கே ஒரு முழு உறை தேவைப்படுகிறது.

இதற்கு விடையாக முன்வைக்கப்படுவது ஹெம்ப் பிளாஸ்டிக். ஹெம்ப் என்பது டிஎச்சி மிகக் குறைந்த, போதை தராத கஞ்சா வகை. கனடாவில் 1998 முதல் வணிகப் பயிர். பெரும்பாலும் விதைக்காக வளர்க்கப்படுவதால் தண்டு மிஞ்சுகிறது. அதைப் பயன்படுத்துவது நல்லதே. ஆனால் ‘ஹெம்ப் பிளாஸ்டிக்’ பெரும்பாலும் ஒரு கலவை. ஹெம்ப் பொடியைப் பாலிபுரோப்பிலீனில் கலந்தால் அது மக்காது, மறுசுழற்சியும் கடினமாகும். சோளத்திலிருந்து எடுக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் கலந்தால், மக்குவதற்கு 60 டிகிரி செல்சியஸை நெருங்கும் வெப்பம் கொண்ட தொழிற்கூடம் வேண்டும். அந்த வசதி கிடைக்காத டப்பா கடைசியில் குப்பைமேட்டுக்குத்தான் போகும்.

ஹெம்ப் நாருக்கு ஏற்ற இடம் வெளி அட்டையும் கூழ்வார்ப்புத் தட்டும்தான். பிளாஸ்டிக் கலக்காத அவை காகிதத்தோடு மறுசுழற்சிக்குப் போகும். உள் டப்பா ஒரே வகைப் பிளாஸ்டிக்கில், சிறியதாக, கடையில் திருப்பித் தரத்தக்கதாக இருக்கட்டும். குழந்தைகளின் பாதுகாப்பு என்னவாகும் என்பது நியாயமான கேள்வி. தின்பண்டங்கள் விற்பனைக்கு வந்தபின் குழந்தைகள் தவறுதலாக உண்டு மருத்துவமனையில் சேர்வது கூடியதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே பூட்டுமூடியில் சமரசம் கூடாது. ஆனால் குழந்தையைத் தடுப்பது மூடிதான். டப்பாவின் பருமன் அல்ல. சிறிய டப்பாவில் எச்சரிக்கை வாசகங்களுக்கு இடம் போதாதென்றால் மடிப்பு லேபிள் இருக்கிறது.

மரக்கூழைவிட ஹெம்ப் கூழுக்குச் செலவு அதிகம் என்பது அடுத்த தடை. தண்டைப் பதப்படுத்தும் ஆலைகள் குறைவாக இருப்பதே இதற்கு முக்கியக் காரணம். உறுதியான கொள்முதல் இல்லாமல் புதிய ஆலைகள் வராது. ஒன்டாரியோவில் மொத்த வியாபாரம் மாகாண அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கியூபெக்கில் சில்லறை விற்பனையும் அப்படியே. பொதியின் எடைக்கு வரம்பு வைப்பதும், ஹெம்ப் எத்தனை சதவீதம் என்று அச்சிட வைப்பதும் இந்த அரசு நிறுவனங்களின் கொள்முதல் நிபந்தனையாகட்டும். தங்கள் பொருளுக்கு அலமாரியில் இடம் வேண்டுமென்றால் உற்பத்தியாளர்கள் உடன்பட்டே ஆக வேண்டும்.