ஒரே வாசல், இரண்டு காவலாளிகள்

லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு ஃபயர்வால் என்பது வாடகை வீடு மாதிரி. ஐபிஎஃப்டபிள்யூஅட்மின் போய் 1999இல் ஐபிசெயின்ஸ் வந்தது. 2001இல் ஐபிடேபிள்ஸ். 2014 ஜனவரியில் 3.13 கெர்னலுடன் வந்த என்எஃப்டேபிள்ஸ் நான்காவது வீடு. 2019இல் டெபியன் 10, ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 இரண்டும் அதற்கு மாறிய பிறகு, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை.

வேடிக்கை என்னவென்றால், பலர் குடிமாறியது தெரியாமலே மாறியிருக்கிறார்கள். புதிய சிஸ்டங்களில் ஐபிடேபிள்ஸ் என்ற கட்டளை பெரும்பாலும் ஒரு முகமூடி. அது எழுதுவது என்எஃப்டேபிள்ஸில். வெர்ஷன் கேட்டால் 'லெகசி' அல்லது 'என்எஃப்டேபிள்ஸ்' என்று உண்மையைச் சொல்லிவிடும். முதலில் அதைக் கேளுங்கள்.

ஏனெனில் ஆபத்து அரைகுறை மாற்றத்தில்தான். பழைய அட்டவணையும் புதியதும் கெர்னலில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். ஒருவர் 'உள்ளே போ' என்றாலும் அடுத்தவர் மீண்டும் சோதிப்பார். இருவரில் யார் 'போகாதே' என்றாலும் கதை முடிந்தது. புதிய பட்டியலில் 443ஆம் போர்ட் திறந்திருக்கும். வெப்சைட் மட்டும் வராது. நிர்வாகி சரியாக இருக்கும் பட்டியலையே ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பழைய விதிகளை மொழிபெயர்க்கக் கருவி உண்டு: ஐபிடேபிள்ஸ்-ரிஸ்டோர்-டிரான்ஸ்லேட். நல்ல கருவிதான். ஆனால் தனக்குப் புரியாத வரியின் முன் ஒரு ஹேஷ் குறி போட்டு வெறும் குறிப்பாக்கிவிடும். ஃபைல் எந்தப் பிழையும் காட்டாமல் ஏறும். அந்த விதி மட்டும் இருக்காது. அது வெளியாட்களைத் தடுத்த வரியாக இருந்தால்? ஹேஷ் குறிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்காமல் ஃபைலை ஏற்றாதீர்கள்.

மாறியதற்கு லாபமும் உண்டு. முன்பு ஐபிவி4க்கு ஒரு பட்டியல், ஐபிவி6க்கு இன்னொன்று. முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்து, முன்கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தவர்கள் உண்டு. இப்போது 'ஐநெட்' வகை அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே விதி போதும். ஐபிவி6இல் ஐசிஎம்பி செய்திகளை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிடாதீர்கள். பக்கத்து மெஷினைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

டெபியன் தரும் மாதிரி ஃபைல், இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. டாக்கர் தனக்காக எழுதி வைத்த விதிகளும் அதில் போய்விடலாம்.

தொலைவில் இருக்கும் சர்வர் என்றால், ஏற்றாமலே சோதிக்கும் வசதியை முதலில் பயன்படுத்துங்கள். பிறகு, ஐந்து நிமிடத்தில் பழைய விதிகள் தானாகத் திரும்பும்படி ஏற்பாடு செய்துவிட்டு ஏற்றுங்கள். புதிதாக ஒரு இணைப்பு போட்டு உள்ளே நுழைய முடிந்தால் அந்த ஏற்பாட்டை ரத்து செய்யலாம். முடியாவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கதவு திறந்திருக்கும்.