எல்லைக் கிராமங்களில் முடங்கும் முஸ்லிம் இளைஞர்களின் முனைப்பு

கேரளத்தின் தென் எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழர்கள் கோரிய நெய்யாற்றின்கரை வட்டமோ கேரளத்திலேயே நின்றுவிட்டது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பூவாறும் விழிஞ்ஞமும் இந்த வட்டத்தின் கடலோரத்தில்தான் உள்ளன. விழிஞ்ஞம் துறைமுகத்தை 2025 மே 2-ல் பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். துறைமுகத்தைச் சார்ந்து வரக்கூடிய கிடங்கு, லாரிப் போக்குவரத்து, உணவு விநியோகம் போன்ற தொழில்களில் சுற்றுவட்டார இளைஞர்கள் கூலிக்குச் செல்வார்களா, அல்லது முதலாளிகளாக நுழைவார்களா என்பதே இப்போதைய கேள்வி.

முஸ்லிம் இளைஞர்களுக்கு ஊக்கம் போதவில்லை, அதை ஊட்டினால் தொழில்முனைவோர் தாமாக உருவாவார்கள் என்ற கருத்து தலைநகரில் நெடுங்காலமாகவே உண்டு. தலைநகரில் மட்டுமல்ல. 2009 ஜூனில் கெய்ரோவில் உரையாற்றிய அமெரிக்க அதிபர் ஒபாமா, முஸ்லிம் நாடுகளின் தொழில்முனைவோருக்காக ஒரு மாநாடு நடத்துவதாக அறிவித்து, 2010 ஏப்ரலில் வாஷிங்டனில் அதை நடத்தினார். இந்தியாவிலிருந்து சென்றவர்களில் பிகாரின் இர்ஃபான் ஆலமும் ஒருவர். அன்றாட வாடகைக்கு ரிக்ஷா மிதித்தவர்களுக்கு வங்கிக் கடன் பெற்றுத் தந்து, வண்டியைச் சொந்தமாக்கிக்கொள்ள வழிசெய்தவர் அவர். மிதிக்கும் ஊக்கம் அந்தத் தொழிலாளர்களிடம் ஏற்கெனவே இருந்தது. இல்லாதிருந்தது முதல்.

சச்சார் குழுவின் 2006 அறிக்கையும் இதையே வேறு விதத்தில் கூறியது. முஸ்லிம் தொழிலாளர்களில் சுமார் 61 சதவீதத்தினர் சுயதொழில் செய்பவர்கள். இந்துக்களில் இது 55 சதவீதம். ஆனால் முன்னுரிமைத் துறைகளுக்கு வங்கிகள் வழங்கிய கடன் தொகையில் முஸ்லிம்களின் பங்கு 5 சதவீதத்தை எட்டவில்லை.

முனைப்புக்கு முன்னுதாரணம் தேட வெளிநாடு செல்லவும் வேண்டாம். வக்கம் அப்துல் காதர் மௌலவி 1905-ல் தம் சொந்தப் பணத்தில் இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் தருவித்து, அஞ்சுதெங்கில் 'சுவதேசாபிமானி' இதழைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 31. மறு ஆண்டு அதன் ஆசிரியப் பொறுப்பை நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த கே. ராமகிருஷ்ண பிள்ளையிடம் ஒப்படைத்தார். பணம் போட்டவர் முஸ்லிம் மார்க்க அறிஞர், எழுதியவர் இந்து. எழுத்தில் உரிமையாளர் தலையிடவில்லை. திவான் பி. ராஜகோபாலாச்சாரியைக் (இவர் ராஜாஜி அல்லர்) கடுமையாகத் தாக்கி வந்த இதழ் 1910 செப்டம்பர் 26-ல் தடை செய்யப்பட்டது; அச்சகம் பறிமுதலானது. அன்றைய திருவிதாங்கூர் எல்லையான ஆரல்வாய்மொழிக்கு அப்பால், திருநெல்வேலிக்கு ராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்டார். மன்றாடி அச்சகத்தை மீட்கலாம் என்று கூறப்பட்டபோது, ஆசிரியர் இல்லாமல் அச்சகம் எதற்கு என்று மௌலவி மறுத்துவிட்டதாகக் கூறுவர்.

மௌலவிக்குப் பங்கிருந்த முஸ்லிம் ஐக்கிய சங்கம் பின்னாளில் ஒரு வங்கியைத் தொடங்க முனைந்தது. வட்டி மார்க்கத்துக்கு உடன்பாடானதா என்ற சர்ச்சை எழுந்து சங்கத்தையே உலுக்கியது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகியும் அந்தச் சர்ச்சை தீர்ந்தபாடில்லை.

வட்டியில்லா வங்கிச் சேவையை அனுமதிக்கலாம் என்று ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-ல் பரிந்துரைத்தது. கேரளத்தில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் 11 சதவீதப் பங்குடன் அத்தகைய நிதி நிறுவனம் ஒன்றைத் தொடங்க முயன்றது. அதற்கு எதிரான சுப்பிரமணியன் சுவாமியின் மனுவை 2011-ல் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் வழக்கமான வங்கிகளில் வட்டியில்லாப் பிரிவு தொடங்கும் திட்டத்தை ரிசர்வ் வங்கி 2017-ல் கைவிட்டது. அனைவருக்கும் வங்கிச் சேவை சமமாகக் கிடைக்கிறது என்பது அது கூறிய காரணம். சச்சார் அறிக்கையைப் படித்தவர்கள் இதை ஏற்பது கடினம்.

முதலுக்கு அடுத்த தடை நம்பிக்கை. வயநாட்டில் கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, 6-ஆம் வகுப்பில் தோல்வியுற்ற பி.சி. முஸ்தபா, பின்னர் பொறியியல் பட்டம் பெற்று வெளிநாட்டில் பணியாற்றினார். 2005-ல் தம் உறவினர்களுடன் சேர்ந்து பெங்களூரில் இட்லி-தோசை மாவு விற்கத் தொடங்கினார். முதலீடு 50 ஆயிரம் ரூபாய். அந்த 'ஐடி ஃபிரெஷ்' நிறுவனத்தின் வருவாய் 2023-24-ல் 500 கோடி ரூபாயைக் கடந்தது. ஆனால் 2021-ல் மாவில் மாட்டெலும்பு கலக்கப்படுவதாகவும், முஸ்லிம்களுக்கு மட்டுமே வேலை தரப்படுவதாகவும் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. நிறுவனம் அதை மறுத்துத் தாவரப் பொருள்கள் மட்டுமே சேர்க்கப்படுவதாக விளக்க வேண்டியிருந்தது. பெரிய நிறுவனம் என்பதால் தாங்கியது. பாறசாலைச் சந்தையில் சிறு கடை வைத்திருப்பவர்மீது இதே வதந்தி கிளம்பினால் அவர் எந்த ஊடகத்தில் மறுப்பு வெளியிடுவார்?

மத்திய அரசின் பங்களிப்பும் சுருங்கியுள்ளது. 2022-23-ல் சிறுபான்மையினர் நல அமைச்சகத்துக்கு 5,020 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025-26-ல் 3,350 கோடி. இடையில் மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும், வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கான வட்டி மானியமும் நிறுத்தப்பட்டன. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் தொடர்கிறது. கிராமப்புறச் சிறுபான்மையினருக்கு அதில் 35 சதவீத மானியம் உண்டு. சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். நல்ல திட்டம்தான். எனினும் வங்கி மேலாளர் கடனுக்கு ஒப்புதல் தந்தால்தான் மானியமும் வரும். ஒப்புதல் கிடைக்காதவருக்கும், வட்டியைத் தவிர்க்க விரும்புபவருக்கும் அது எட்டாது.

எல்லைக் கிராமத்தாருக்கு இதற்கும் மேல் ஒரு சிக்கல். பாறசாலையில் வீடும் களியக்காவிளையில் கடையும் உள்ள இளைஞருக்குத் தமிழக அரசின் தொழில்முனைவோர் மானியத் திட்டம் பொருந்தாது. அதற்குத் தமிழகத்தில் மூன்றாண்டு வசிப்பு வேண்டும். கேரளச் சிறுபான்மையினர் நிதிக் கழகத்தை அணுகினால், தொழில் மாநிலத்துக்கு வெளியே இருப்பது தடையாகிறது. இவ்வளவுக்கும் இரு மாநிலங்களிலும் தேசிய சிறுபான்மையினர் வளர்ச்சி நிதிக் கழகத்தின் பணமே மாநில அமைப்புகள் வழியாகக் கடனாகச் செல்கிறது.

இதைப் பேசுவதற்கு அரங்கம் இல்லாமல் இல்லை. எல்லைப் பிரச்னைகளையும் மொழிச் சிறுபான்மையினர் நலனையும் விவாதிப்பதற்கென்றே 1956-ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டத்தில் மண்டலக் கவுன்சில்கள் அமைக்கப்பட்டன. மத்திய உள்துறை அமைச்சர் தலைமையிலான தென் மண்டலக் கவுன்சில் 2022 செப்டம்பரில் கூடியது, பாறசாலையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருவனந்தபுரத்தில்தான். எல்லை வட்டங்களின் கடன் விண்ணப்பங்களை வசிப்பிடத்தையோ தொழிலிடத்தையோ வைத்து ஏதேனும் ஒரு மாநிலம் ஏற்கலாம் என்ற ஒரு வரியை அக்கவுன்சிலின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க, சென்னையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ ஒரு கடிதம் சென்றால் போதுமானது.