பெட்டியும் சாவியும்

புதுக்கோட்டைச் சீமையில் உபாத்தியாயராக இருப்பவரிடம் பரீட்சையைப் பற்றி மட்டுமல்ல, பிரயாணத்தைப் பற்றியும் கேட்க வருகிறார்கள். "பையன் முதல் தடவையாக அக்கரைக்குப் போகிறான், துணைக்கு ஒருவரும் இல்லை. பெட்டியில் என்னென்ன வைத்து அனுப்பலாம்?" என்பார்கள். ஊறுகாய், அப்பளம், கம்பளிச் சட்டை என்று ஜாபிதா நீண்டுகொண்டே போகும். பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் கவலை உண்டு. அதன் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிறவர்கள் சிலரே. ஆனால் தனியே கடல் கடந்து அநுபவம் முதிர்ந்தவர்களின் சரித்திரத்தைப் பார்த்தால், சாவியின் விஷயமே முக்கியம் என்று தோன்றுகிறது.

காந்தியடிகள் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறியபோது அவருக்குப் பத்தொன்பது வயது நிரம்பவில்லை. கரை இறங்கும் தினத்துக்கென்று வெள்ளைப் பிளானல் உடுப்பு ஒன்றைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். இங்கிலாந்து சேர்ந்ததும் அதை அணிந்துகொண்டார். மற்றப் பிரயாணிகளைப் பார்த்து, தம் மூட்டை முடிச்சுக்களைச் சாவி உட்பட ஒரு கம்பெனியின் ஏஜெண்டிடம் ஒப்படைத்தார். வெளியே வந்து பார்த்தால், அந்தக் குளிர் தேசத்தில் வெள்ளை உடுப்பு அணிந்தவர் அவர் ஒருவர்தான்! அன்று சனிக்கிழமை, மறுநாள் விடுமுறை. திங்கட்கிழமை வரையில் பெட்டி கிடைக்காது என்று தெரிந்தபோது அவர் பட்ட சங்கடத்தைச் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அன்றிரவு அவரைப் பார்க்க வந்தவர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. பிற்காலத்தில் ரங்கூனில் புகழோடு வாழ்ந்தவர். அவருடைய உயரமான தொப்பியைக் காந்தியடிகள் ஆசையோடு தடவிப் பார்க்க, அதன் மென்மயிர் கலைந்துவிட்டது. அதையே சந்தர்ப்பமாகக் கொண்டு டாக்டர் சில புத்திமதிகளைச் சொன்னார். பிறர் பொருளைத் தொடக்கூடாது, அறிமுகமான உடனே சொந்த விஷயங்களை விசாரிக்கக் கூடாது, உரக்கப் பேசக்கூடாது. நம் பக்கத்தில் பஸ்ஸில் அருகே உட்காருகிறவரிடம் சம்பளம் என்ன, குழந்தைகள் எத்தனை என்று கேட்பது அன்பின் அடையாளம். வேறு தேசத்தில் அதுவே அநாகரிகமாகிவிடலாம். நம் சமஸ்தானத்து அம்மன் காசு எல்லைக்கு அப்பால் செல்லாதது போல, நம் வழக்கங்களில் சில கடலுக்கு அப்பால் செல்லா. அதில் வெட்கம் ஒன்றுமில்லை; மாற்றிக் கொள்ளத் தெரிந்தால் போதும்.

பெட்டியின் கனத்தைப் பற்றி இன்னொரு பாடம் உண்டு. 1931-இல் வட்டமேஜை மகாநாட்டுக்காக 'ராஜபுதானா' கப்பலில் போகையில், உடன் வந்தவர்கள் ஏராளமான பெட்டிகளைக் கொண்டு வந்திருப்பதைக் கண்டு காந்தியடிகள் கடிந்துகொண்டார். விளைவு, ஏடனிலிருந்து ஏழு பெட்டிகள் ஊருக்குத் திரும்பின. கனமான பெட்டியை நாமே தூக்க முடியாது. தூக்க வருகிறவன் கையில் நம் சுதந்திரத்தில் பாதி போய்விடுகிறது.

நம் ஜில்லாவுக்கு இவையெல்லாம் புதிய சங்கதிகள் அல்ல. ராங்கியத்திலிருந்தும் பனையப்பட்டியிலிருந்தும் குழிபிறையிலிருந்தும் நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு மரப்பெட்டியும் சிறிது இடமுமே கடை. இரவில் பாய் விரித்தால் அதுவே வீடு. ஊரைவிட்டுப் புறப்படும்போதே, எந்தக் கிட்டங்கியில் இறங்குவது என்பது புதியவனுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே தனியே போனவனும் அங்கே தனியன் அல்லன். அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை. 'ரஜூலா' கப்பலும் 1973-உடன் ஓய்ந்தது. திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். வேகம் கூடியிருக்கிறது; ஆனால் முதல் இரவு எங்கே தலை சாய்ப்பது, யாரைப் போய்ப் பார்ப்பது என்பதை ஊரிலேயே நிச்சயித்துக்கொள்ளும் அவசியம் குறையவில்லை.

தனிப் பிரயாணிக்கு இலக்கணம் வகுத்தவர் என்று காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூர் ஏ. கே. செட்டியாரைச் சொல்லலாம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கவேண்டும் என்று உறுதி கொண்டார். சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றி, முப்பது வருஷங்களில் பலர் எடுத்திருந்த படச்சுருள்களில் 50,000 அடி சேகரித்தார். படம் 1940-இல் வெளிவந்தது. பின்னால் பெரிய ஸ்தாபனம் ஏதுமின்றி இதைச் சாதித்தார். எதற்காகப் போகிறோம் என்பது தெளிவாக இருந்தது. அதனால் எதை விட்டுச் செல்வது என்பதும் தெரிந்திருந்தது.

இனிச் சாவிக்கு வருவோம். 1894-இல் நேட்டாலில், எஜமானனிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, கிழிந்த உடையும் கையில் தலைப்பாகையுமாகக் காந்தியடிகள் முன் வந்து நின்றான் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலியாள். காந்தியடிகளின் குமாஸ்தா தமிழராக இருந்ததால் கதை முழுவதும் புரிந்தது. உடனே காந்தியடிகள் எஜமானனோடு சண்டைக்குப் போய்விடவில்லை. முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்று பெற்றார். பிறகு நேரே மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துச் சென்றார். முடிவில் பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறோர் எஜமானனுக்கு மாற்றப்பட்டது. அன்னிய மண்ணில் எளியவனுக்குக் காகிதமே கவசம்.

இன்று அந்தக் கவசத்தின் பெயர் பாஸ்போர்ட். 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இந்திய சர்க்காரின் சொத்து. "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று கை நீட்டும் எஜமானனுக்கும் ஏஜெண்டுக்கும் அதில் பாத்தியதை கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் சர்க்காரில் பதிவு பெற்றவரா என்று முதலில் விசாரியுங்கள். "சுற்றுலா விசாவில் போய்விடு, வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்பவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். அப்படிப் போகிறவன் அங்கே குற்றவாளியாகவே கால் வைக்கிறான். அடித்தாலும் சம்பளம் கொடுக்க மறுத்தாலும் வாய் திறக்க அஞ்சுவான். பாஸ்போர்ட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் நகல் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள். இந்தியத் தூதரகத்தின் விலாசத்தையும் எண்ணையும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். கைப்பேசி தொலைந்து போகும் வஸ்து.

பிள்ளைக்கு ஊறுகாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாய் மனம் கேளாது. ஆனால் இன்னும் சிறிய பெட்டியாக வாங்குங்கள். சாவியை அவன் கையிலேயே கொடுத்து, எந்தத் தேசத்திலும் எவர் கேட்டாலும் அதைக் கொடுக்காதே என்று சொல்லி அனுப்புங்கள்.