யார் வீட்டுப் பற்றாக்குறை?

மார்கழிக் கச்சேரி ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, மயிலாப்பூர், தியாகராய நகர் மண்டபங்களில் அடுத்த கச்சேரி தொடங்கிவிடும். பட்ஜெட் விளக்கக் கூட்டம். ஆடிட்டர்கள் பேசுவார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் பேசுவார்கள். வருமான வரி வரம்பு என்ன ஆயிற்று, பங்குச் சந்தை ஏறுமா இறங்குமா என்று இரண்டு மணி நேரம் ஓடும். கடைசியில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு: ‘பரவாயில்லை, நிதிப் பற்றாக்குறையைக் கட்டுக்குள்ள வெச்சிருக்காங்க.’ கூட்டம் கலைந்த பிறகு நாற்காலி மடக்குகிறவரும் காபி டம்ளர் கழுவுகிற அம்மாவும் அந்தப் பெருமூச்சில் சேர்த்தி இல்லை. அவர்கள் வீட்டில் இருப்பதும் பற்றாக்குறைதான். அதை யாரும் சதவீதத்தில் சொல்வதில்லை.

தோழர்களே, பட்ஜெட் நமக்கு எதுக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வன்கொடுமைக்கு எதிராக ஓடவே நேரம் போதவில்லை, இதில் கணக்குப் புத்தகத்தை வேறு தூக்கிக்கொண்டு அலைவதா என்று ஒரு சலிப்பு. நமக்கும் அந்தச் சலிப்பு உண்டு. ஆனால் நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தும் வேலையைக் கணக்குப் புத்தகமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் அவர்கள் கணக்கு. 2003இல் மய்ய அரசு நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கொண்டுவந்தது. பற்றாக்குறையை நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் அடக்குவது அதன் கீழ் வைத்த இலக்கு. கொரோனா ஆண்டான 2020-21இல் அது 9.2 சதவீதமாக ஏறியது. 2025-26 பட்ஜெட்டில் 4.4 சதவீதமாக இறக்கிக் காட்டினார்கள். அதே காலத்தில் மூலதனச் செலவு எங்கே போயிருக்கிறது பாருங்கள். 2019-20இல் ஏறத்தாழ 3.36 லட்சம் கோடி. 2025-26 பட்ஜெட்டில் 11.21 லட்சம் கோடி. மூன்று மடங்குக்கு மேல். ஒரு பக்கம் பற்றாக்குறையை இறக்கிக்கொண்டே இன்னொரு பக்கம் இவ்வளவு ஏற்ற முடிந்தது எப்படி? வரி வசூல் கூடியது ஒரு காரணம். மிச்சக் காரணம் ‘வருவாய்ச் செலவு’ என்ற தலைப்புக்குள் கிடக்கிறது. இழுத்துப் பிடித்தது அங்கேதான்.

இந்த இரண்டு சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். ரோடு போட்டால், பாலம் கட்டினால், ரயில் விட்டால் அது மூலதனச் செலவு. நாளைக்குப் பலன் தரும் சொத்து என்று வல்லுநர்கள் மெச்சுவார்கள். கல்வி உதவித்தொகை, விடுதிச் சாப்பாடு, துப்புரவுத் தொழிலாளியின் கூலி, முதியோர் ஓய்வூதியம் எல்லாம் வருவாய்ச் செலவு. தின்று தீர்த்துவிடும் காசு. தார் ரோடு சொத்து, அந்த ரோட்டைப் பெருக்கறவளோட சம்பளம் செலவு. ஒரு சேரிப் பிள்ளை படித்துப் பொறியாளராவது சொத்துக் கணக்கில் வராது, அவன் படித்த கட்டடத்தின் சுவர் வரும். 2022 ஜூலையில் புந்தேல்கண்ட் விரைவுச்சாலையைத் திறந்துவைத்த பிரதமர், இலவசங்களை ‘ரேவடி’ என்ற வடநாட்டு மிட்டாயோடு ஒப்பிட்டு, மிட்டாய் கொடுப்பவர்கள் இந்த மாதிரி சாலை போட மாட்டார்கள் என்று பேசினார். கணக்குப் பிரிவினை அரசியல் பிரிவினையாக மேடை ஏறிய நாள் அது.

கடன் ஒரு பிரச்சினையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. 2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. அதில் 12.76 லட்சம் கோடி வட்டிக்கே போகிறது. கால்வாசி. அந்த வட்டியை வாங்கித் தின்பவர் யாரும் சேரியில் குடியிருக்கவில்லை. சிக்கனம் வேண்டுமென்றால் வேண்டும்தான். யார் வயித்துல சிக்கனம்?

சாலையும் ரயிலும் பொதுச் சொத்துதானே, உங்களுக்கும் சேர்த்துத்தானே என்று கேட்பவர்கள் ஒரு நாள் திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துப் பக்கம் போய்க் கால்வாயை எட்டிப் பார்க்கட்டும். பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கியிருக்கிறார்கள். 1995இல் கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி 1997இல் மயிலாப்பூரைத் தொட்டது, 2007இல் வேளச்சேரி போனது. அரசின் முதலீடு. நல்லது. ஆனால் அதே கால்வாய்க் கரையில் தலைமுறை தலைமுறையாகக் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் ஆக்கிரமிப்பாளர். தண்ணிக்குள்ள தூண் நட்டவன் முதலீட்டாளன், தண்ணி ஓரம் ஓலை வேய்ந்தவன் ஆக்கிரமிப்பாளன். வெள்ளம் வந்தால் நீரோட்டத்தைத் தடுத்தது எது என்ற விசாரணையில் தூண் கூண்டில் ஏறுவதில்லை.

ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவைக் காட்டி வீடுகளை இடித்தார்கள். பொறுக்க முடியாமல் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான் சட்டமன்றத்தில் முதல்வர், மறுகுடியமர்வு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே தரப்படும் என்று அறிவித்தார். அப்படியானால் நகருக்குள் இடம் இருந்திருக்கிறது. அது தெரிவதற்கு ஒரு மனுசன் எரிய வேண்டியிருந்தது.

மற்றவர்களுக்கு அந்த அறிவிப்பும் இல்லை. 2000 முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குப் பணம் வந்தது மய்ய அரசு 2005இல் தொடங்கிய ஜவகர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், எல்லாம் அரசுப் பதிவேட்டில் ‘உருவாக்கப்பட்ட சொத்து’. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடியிருப்புகளைக் காலி செய்து அங்கேதான் கொண்டுபோனார்கள். அந்த வெள்ளம் கோட்டூர்புரத்துப் பங்களாக்களுக்குள்ளும்தான் புகுந்தது. லாரி வந்து நின்றது குடிசை வாசலில் மட்டும்.

அடையாறில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த பெண் இப்போது விடியுமுன் எழுந்து பஸ் பிடித்தால்தான் அந்த வேலை மிஞ்சும். ஒரு நாள் பஸ் தவறினால் ஒரு வீடு போச்சு. பள்ளி மாறிய பிள்ளைகளில் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்று நாம் எழுதுவதைவிட, மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிப்படிகளில் ஏறிக் கேட்பது நல்லது. 2021இல் மாநில அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆக்கியதால் அந்த அம்மா கையில் ஏதோ கொஞ்சம் நிற்கிறது. மிட்டாய் என்று கேலி பேசப்படுவது இதைத்தான். 2024 அக்டோபரில் மய்ய அமைச்சரவை சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது, மதிப்பு 63,246 கோடி. திருமயிலை, பனகல் பூங்கா, அடையாறு எல்லாம் அதில் வருகின்றன. ரயில் வேண்டாம் என்று சொல்ல நமக்கென்ன பைத்தியமா? கண்ணகி நகரில் கொண்டுபோய் மக்களைக் கொட்டி இருபது வருஷம் கழித்துத்தான் பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோத் தூண் முளைத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு.

இனி பெருக்குகிற கைக்கு வருவோம். சென்னையில் குப்பை அள்ளுவதை முதன்முதலில் 2000இல் ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். மயிலாப்பூரையும் தி. நகரையும் உள்ளடக்கிய தேனாம்பேட்டை, கோடம்பாக்கம் மண்டலங்களும் அடையாறு மண்டலமும் 2020இல் மறுபடியும் தனியாருக்குப் போயின. ராயபுரத்திலும் திரு.வி.க. நகரிலும் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பெயரில் தொழிலாளர்கள் இருந்தார்கள். அது மய்ய அரசின் வறுமை ஒழிப்புத் திட்டம். மாநகராட்சியின் தெருவைப் பெருக்கினார்கள், மாநகராட்சியின் குப்பையை அள்ளினார்கள், ஆனால் ஏட்டில் அவர்கள் மாநகராட்சி ஊழியர்கள் இல்லை. வறுமையை ஒழிக்க வந்த திட்டம் வேலை நிரந்தரத்தை ஒழிக்கும் கருவியாயிற்று. 2025இல் அந்த இரண்டு மண்டலங்களையும் தனியாரிடம் தந்தபோது, ஆகஸ்ட் 1 தொடங்கி ரிப்பன் மாளிகை முன்னால் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலிஸ் தூக்கிக்கொண்டு போனது. வாங்கிக்கொண்டிருந்தது இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம், புது முதலாளியிடம் பதினாறாயிரத்துச் சொச்சம்தான் என்பது தொழிலாளர்கள் சொன்ன கணக்கு. இந்த ஆறாயிரம் ரூபாய்தான் சிக்கனம்.

சரி, உங்களுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குகிறார்களே என்பார்கள். 1979-80இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் வந்தது. திட்டச் செலவில் மக்கள்தொகை விகிதப்படி தலித்துகளுக்கு ஒதுக்க வேண்டும், வேறெதற்கும் திருப்பக் கூடாது, செலவழியாவிட்டால் காலாவதியாகக் கூடாது. நல்ல விதிதான், ஏட்டைத் தாண்டி வரவில்லை. 2017-18இல் திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். விகிதம் பார்க்க வைத்திருந்த படியே போய்விட்டது. இப்போது பட்ஜெட் ஆவணங்களோடு 10ஏ என்று ஓர் அறிக்கை வருகிறது. 2025-26க்கு அதில் காட்டிய தொகை 1,68,478 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே உர மானியத்தின் ஒரு துண்டு கிடக்கும். நிலமே இல்லாதவனுக்கு யூரியா! செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் அறிக்கையின் பேரில் 1892இல் கொடுத்த பஞ்சமி நிலத்தையே காப்பாற்ற விடாமல் பிடுங்கிய நாட்டில், நம் பெயரில் உரக் கணக்கு எழுதுகிறார்கள். பெரும்பாக்கமும் அந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்தான்.

இதில் கட்சி வித்தியாசம் பெரிதாக இல்லை. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லியில் நம் உட்கூறு நிதி ஏறத்தாழ 700 கோடியைத் திருப்பினார்கள். அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே மாநிலங்களவையில் அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. கர்நாடகத்தில் 2013 முதல் இதற்கென்றே சட்டம் இருந்தது. இருந்தும் 2023இல் பொதுவான உத்தரவாதத் திட்டங்களுக்கு இந்த நிதியிலிருந்து 11,000 கோடிக்கு மேல் ஒதுக்கிக்கொண்டார்கள்.

மாணவர்கள் நேரடியாக அறிந்த இடம் உதவித்தொகை. வைசிராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கியது இது. 2017-18 முதல் 2019-20 வரை இந்தியா முழுவதுக்குமாக மய்ய அரசு இதற்குத் தந்தது ஆண்டுக்குச் சராசரியாக 1,100 கோடிதான். மீதியை மாநிலங்களின் தலையில் கட்டியது. பணம் வராததால் தேர்வு எழுத விடாமல் கல்லூரி வாசலில் நின்ற கதை நம் வாசகர்களில் பலருக்குச் சொந்தக் கதை. 2020 டிசம்பரில்தான் 60:40 என்று மாற்றி, அய்ந்தாண்டுக்கு மய்ய அரசு 35,534 கோடி தரும் என்றார்கள். அப்போதும் பெற்றோர் வருமான வரம்பு 2.5 லட்சம். அதற்கு முந்தைய ஆண்டு, 2019இல், முன்னேறிய சாதி ஏழைகளுக்கு இட ஒதுக்கீடு தந்தபோது எட்டு லட்சம் வாங்குகிறவரும் ஏழை! அதே 2019 செப்டம்பரில் ஒரே நாளில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்தார்கள். அரசே சொன்ன கணக்குப்படி ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு. நம் பிள்ளைகளின் அய்ந்தாண்டு உதவித்தொகையைப்போல் நாலு மடங்கு. அன்று மண்டபங்களில் யாரும் பற்றாக்குறை பற்றிக் கவலைப்படவில்லை, பங்குச் சந்தை ஏறியது.

நம்மேலும் குறை இருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்து அம்பேத்கர் மணிமண்டபத்தில் ஏப்ரல் 14 அன்று மாலை போட வரிசையில் நிற்கிறோம். அவர் 1925இல் வெளியிட்ட நூல் பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பது பற்றியது. மய்ய அரசுக்கும் மாகாணத்துக்கும் இடையில் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது, அந்தச் சுமை யார்மேல் விழுகிறது என்று வரிவரியாகத் தோண்டியவர். நம் மேடைகளில் அந்த அம்பேத்கர் வருவதேயில்லை. இதே சென்னையில் 1924இல் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொதுக் கட்டடத்திலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். ‘பொது’ என்று எழுதிய இடத்தில் நாம் இருக்கிறோமா என்று அவர் கேட்டார். பொது முதலீடு என்ற சொல்லின் முன்னால் அதே கேள்வியை நாம் இன்னும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் வந்துவிட்டது. ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் பதினோரு ஆண்டு பிந்தி. மய்ய அரசு இதுவரை அப்படி ஒரு சட்டம் இயற்றவில்லை. வெறும் வழிகாட்டுதலை மீறினால் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. அதனால் மய்யத்தில் சட்டம் வேண்டும், திருப்பிய அதிகாரிக்குத் தண்டனை அதில் இருக்க வேண்டும், நம் கைக்கு நேராக வராத பொதுச் செலவை நம் பெயரில் எழுதத் தடை வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதித் தோழர்களுக்கும் மற்ற விடுதித் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பேர் உட்கார்ந்து 10ஏ அறிக்கையை வாசியுங்கள். புரியாத இடத்தில் பொருளாதாரம் படிக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு துறைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனு போடுங்கள். இந்த வரியில் உள்ள பணம் எந்தச் சேரியில், யார் கையில், எந்தத் தேதியில் சேர்ந்தது என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தால் அப்படியே அனுப்பிவையுங்கள், அச்சிடுகிறோம். முப்பது நாள் கழித்தும் வரவில்லையென்றால் மனுவின் நகலை அனுப்புங்கள். அதையும் அச்சிடுகிறோம்.