பெயர்ந்தோமா, பெயர்த்தார்களா?

'இடப்பெயர்வு' என்றொரு சொல். அரசாணையில் இருக்கிறது, ஆய்வேட்டில் இருக்கிறது, வெட்கக்கேடு, நம் துண்டறிக்கையிலும் இருக்கிறது. பெயர்தல் தன்வினை. மேகம் பெயரும், பறவை பெயரும். பெயர்த்தல் பிறவினை. அதற்கு ஒரு கையும் கடப்பாரையும் வேண்டும். கடப்பாரை பிடித்தவனை மறைக்க வேண்டுமா? 'பெயர்த்த' என்பதிலுள்ள 'த்'தை 'ந்' ஆக்கினால் போதும். அவ்வளவு சல்லிசு.

சேலம், நாமக்கல் பக்கத்து வளவுகளில் கேட்டுப் பாருங்கள். எந்தக் கிழவியும் 'இடம்பெயர்ந்தோம்' என்று சொல்லமாட்டாள். 'முடுக்கி உட்டுட்டாங்க' என்பாள். ஆட்டை முடுக்குவது, நாயை முடுக்குவது, நம்மையும் முடுக்குவது. அந்தச் சொல்லுக்குள் முடுக்கினவன் குச்சியோடு நிற்கிறான். படிச்ச நாமதான் அவனைத் தப்பிக்க விட்டுவிட்டு வாக்கியம் எழுதுகிறோம்.

மேட்டூரைப் பாருங்கள். 1925இல் தொடங்கி 1934இல் முடித்த அணை. ஊர்கள் முழுகின. தண்ணீர் இறங்கும்போதெல்லாம் பண்ணவாடியில் நந்தி தலைகாட்டும், மாதாகோயில் கோபுரம் தலைகாட்டும், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். கூலிக்காரனின் மண்சுவர் எந்தக் கோடையிலும் தலைகாட்டாது. அது கரைந்தே போச்சு. 1894ஆம் வருசத்து நிலமெடுப்புச் சட்டம் நிலத்தில் பாத்தியதை உள்ளவனுக்குத்தான் பணம் கொடுத்தது. நிலமற்ற கூலியையும் பாதிக்கப்பட்டவன் என்று ஒப்புக்கொள்ள 2013ஆம் வருசத்துச் சட்டம் வரவேண்டியிருந்தது. 119 வருசம் அவன் சும்மா 'பெயர்ந்தான்'!

2018இல் எட்டுவழிச் சாலைக்குச் சேலத்தில் கல் நட்டபோது போராடியவர்கள் 'நிலப்பறிப்பு' என்றார்கள். சரியான சொல். பட்டா இருந்ததால் வாய்த்த சொல். பட்டா இல்லாதவன் குடிசையைப் பொக்லைன் வைத்துச் சாய்த்தால் அதற்குப் பேர் 'ஆக்கிரமிப்பு அகற்றம்'. சென்னையில் கூவக்கரைச் சனங்களை லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கினால் 'மறுகுடியமர்வு'. அமர்வதும் தன்வினை, கவனியுங்கள். குடிசை மாற்று வாரியம் 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆச்சு. பேரில் குடிசை போயிடுச்சு, குடிசைக்காரன் எங்கே போனான்?

வெறும் சொல்லுக்கா இத்தனை சண்டை என்று கேட்கிற தோழருக்கு ஈழத்திலிருந்து ஒரு பாடம். 1990 அக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரக் கெடு வைத்துத் துரத்தினார்கள் விடுதலைப் புலிகள். அந்தச் சனங்கள் இன்றுவரை பிடிவாதமாகச் சொல்வது 'வெளியேற்றம்'. வெளியேறினோம் அல்ல, வெளியேற்றப்பட்டோம். அந்த ஓர் எழுத்துக்குள் குற்றவாளி இருக்கிறான். அதை விட்டுக்கொடுத்தால் வழக்கே போச்சு.

நமக்கும் அதேதான். 'பெயர்ந்தவன்' கேட்கக்கூடியது நிவாரணம்: அரிசி, பாய், தார்ப்பாய். பெயர்க்கப்பட்டவன் கேட்பது நிலம், நியாயம், பதில். வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஓரிடத்தில் பற்று எழுதினால் இன்னோரிடத்தில் வரவு எழுதியாக வேண்டும், இல்லையென்றால் கணக்கு மோசடி. ஒருத்தன் நிலம் போயிருந்தால் அது இன்னொருத்தன் கணக்கில் ஏறியிருக்கிறது. 'இடப்பெயர்வு' வரவு வைத்தவனை மறைக்கிற கள்ளக்கணக்கு.

மனு எழுதும் மாணவத் தோழர்களே, செயப்பாட்டுவினையோடும் நின்றுவிடாதீர்கள். 'வெளியேற்றப்பட்டார்கள்' என்றால், எவனால்? எந்த உத்தரவு, எந்தத் தேதி, யார் கையெழுத்து, நிலம் இப்போது யார் பேரில்? இந்த நாலும் இல்லாத துண்டறிக்கை அச்சுக்குப் போகக் கூடாது. எழுவாய் இல்லாத வாக்கியம் ஆண்டைக்குச் சேவகம் செய்கிற வாக்கியம்.