திருவிழாவில் ஆட்களைத் தூக்கும் கிரேன்: ஆபத்து எங்கே இருக்கிறது?

செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் கல்வெட்டு வைத்த ஊர், செஞ்சி பக்கத்து மண்டகப்பட்டு. இன்றைக்கு அதே விழுப்புரம் மாவட்டத்தில் செடல் திருவிழா என்றால், பக்தரின் உயிரே இரும்புக் கொக்கியில்தான் தொங்குகிறது. அலகு குத்தி, கிரேனில் தொங்கியபடி வந்து சாமிக்கு மாலை போடுகிறார்கள்.

இதில் என்ன ஆகலாம் என்பதை 2023 ஜனவரி 22 இரவு பார்த்தோம். ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமம், மண்டியம்மன் கோயில் மயிலேறு திருவிழா. மாலை வாங்கிப் போட ஆட்கள் ஏறியிருந்த கிரேன், கூட்டத்துக்கு நடுவே கவிழ்ந்தது. 4 பேர் உயிரிழந்தார்கள். கிரேன் ஓட்டுநர் கைது செய்யப்பட்டார்.

பத்து டன் கிரேன் எப்படிக் கவிழும்?

எட்டு பேர் தொங்கினாலும் அரை டன்தானே என்று தோன்றும். அங்கேதான் தப்புக்கணக்கு. கிரேனில் எழுதியிருக்கும் டன், கை முழுக்க உள்ளே இழுத்து, பாரம் வண்டிக்கு ஒட்டி நிற்கும்போது மட்டும். 10 மீட்டர் தள்ளித் தொங்கும் அரை டன், 2 மீட்டரில் தொங்கும் இரண்டரை டன் அளவுக்கு வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். திருவிழாவுக்கு வருவது பெரும்பாலும் ஹைட்ரா. பக்கவாட்டில் ஊன்றுகால் போடாமல், டயரிலேயே பாரத்தோடு நகரும் வண்டி. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் போதும், தொங்குகிற பாரமும் அதே பக்கம் ஊசலாடும்.

ஷேக்கிள் விஷயம் என்ன?

வண்டி நேராக நின்றாலும், கொக்கிக்குக் கீழே இருக்கும் சின்னச் சாமான்கள் ஏமாற்றும். ஷேக்கிளின் பின் காணாமல் போனால், கையில் கிடைத்த போல்ட்டைச் சொருகிவிடுவது பல இடங்களில் நடக்கிற கதை. பார்க்க ஒரே தடிமன்தான், ஆனால் இரும்பின் தரம் வேறு. திருகு பின் என்றால் ஆட்டத்தில் தானாகக் கழன்றுவரும், கம்பி போட்டுக் கட்டியிருக்க வேண்டும்.

ரோப்பை மடித்து யு கிளாம்ப் போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. யு வளைவு, பாரம் தாங்காத குட்டை நுனி மேல் உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால், பாரம் தாங்கும் ரோப்பையே அது நசுக்கிவிடும்.

அடுத்தது கோணம். ஒரு டன் பாரத்தை இரண்டு ஸ்லிங்கில் நேராகத் தூக்கினால் ஒவ்வொன்றிலும் அரை டன். அதே ஸ்லிங் படுத்து, தரையோடு 30 டிகிரி ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழு டன் தாங்க வேண்டும். பாரம் கூடவே இல்லை, இழுவை மட்டும் இரண்டு மடங்கு!

விதி இருக்கிறதா?

தொழிற்சாலையில் இருக்கிறது. தூக்கும் இயந்திரம், சங்கிலி, ரோப் எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆவது பிரிவிலேயே வந்துவிட்டது. கோயில் வாசலில் நிற்கும் வாடகை வண்டியின் ஷேக்கிளை யார் பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் கட்டுமான வேலையில்கூட, கிரேனில் கூண்டு கட்டி ஆளைத் தூக்கினால், அந்த நீளத்துக்கு உரிய திறனில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது. அதுவும் வேறு வழியே இல்லாதபோதுதான்.

விழாக்குழுவில் இருக்கிறீர்களா? முன்பணம் கொடுக்கும்போதே ஓட்டுநரிடம் சோதனைச் சான்றிதழையும், எத்தனை மீட்டரில் எத்தனை டன் என்ற அட்டவணையையும் கேளுங்கள். அட்டவணை கேபினுக்குள்ளேயே ஒட்டியிருக்க வேண்டும். பிறகு கொக்கியின் வாயை மூடும் தாழ்ப்பாளை விரலால் தள்ளிப் பாருங்கள். விட்டதும் அது தானாகத் திரும்பி மூடவில்லை என்றால், அந்தக் கொக்கியில் ஆளைத் தொங்கவிடச் சம்மதிக்காதீர்கள்.