குளிரில் தோட்டா சமையல்

அமெரிக்காவில் சில ஆசாமிகளுக்கு ஒரு விநோதப் பொழுதுபோக்கு. சுட்டு முடித்த காலி பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மறுபடி தோட்டாவாக்குவார்கள். பெயர் ரீலோடிங். (நீங்கள் ஆசைப்பட வேண்டாம். நம் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்.)

கிட்டத்தட்ட சமையல். கூட்டை 'டை'யில் விட்டு - கழுத்தில் கட்டுகிற டை அல்ல சார், எஃகு அச்சு - பழைய அளவுக்கு நெருக்க வேண்டும். அடியில் புது ப்ரைமர், உள்ளே அளந்த மருந்து, வாயில் குண்டு. ரெடி!

இதையெல்லாம் ஹாலில் பரப்ப வீட்டம்மா விடுவாரா? கார் ஷெட்தான் கதி. அங்கே குளிர் பின்னி எடுக்கும். மின்னசோட்டா மாநிலத்து இன்டர்நேஷனல் ஃபால்ஸில் மைனஸ் 40 வரைகூட இறங்கியிருக்கிறது. செல்ஷியஸா, ஃபாரன்ஹீட்டா என்று கேட்காதீர்கள். அந்த ஒரு புள்ளியில் இரண்டும் ஒன்றுதான்.

எல்லோரும் பழியைக் குளிர் மேல் போடுவார்கள். பாவம், அது அப்பாவி. மருந்தைக் கெடுப்பது சூடும் ஈரமும்தான். நம்மாள் ஹீட்டரைத் தட்டிவிட்டு உடனே வேலையில் இறங்குகிறார் பாருங்கள், வம்பே அங்கேதான். ஏ.சி. ஆபீஸிலிருந்து சென்னைப் புழுக்கத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடி பனிக்கிறதல்லவா? அதே கதை. சில்லிட்ட அச்சு வியர்க்கும். அப்புறம் துரு. காஸ் ஹீட்டர் என்றால் இன்னும் மோசம். எரிகிற காஸே நீராவியைக் கக்கும். தவிர, வெடிமருந்துப் பக்கத்தில் நெருப்பா!

துருவையாவது தேய்த்து எடுக்கலாம். தராசு சமாசாரம் அப்படியில்லை. மருந்தை நிறுப்பது 'கிரெய்ன்' கணக்கில். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம், குன்றிமணியில் பாதி. அதில் பத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். குளிரிலிருந்து சூட்டுக்கு மாறும்போது எலெக்ட்ரானிக் தராசின் ஜீரோ மெல்ல நகர்ந்துவிடும். அதை நம்பி மருந்து கூடிப்போனால்? சுடுகிறவரின் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதிந்திருக்கிறது. மருந்து வெடிக்கிற இடம் கண்ணுக்குச் சில அங்குலம் தள்ளி!

இன்னொரு சூட்சுமம். ஜனவரிக் குளிரில் சுட்டுப் பார்த்து, உச்ச அளவுக்கு மருந்து போட்டு வைத்த தோட்டா, ஜூலை வெயிலில் சூடேறினால் உள்ளழுத்தம் எகிறும்.

விவரமானவர்கள் மருந்தையும் ப்ரைமரையும் கம்பெனி டப்பாவிலேயே, வீட்டுக்குள் சூடில்லாத, ஈரமில்லாத அலமாரியில் வைக்கிறார்கள். அச்சுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, இறுக மூடிய பெட்டி, புது ஷூ டப்பாவில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம். வேலைக்கு முன் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார்கள். ப்ரைமரில் எண்ணெய் பட்டால் அது வெடிக்காமல் போகலாம். குளிரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறப்பதில்லை. தராசை அரை மணி முன்னாலேயே போட்டுவிட்டு, எடை தெரிந்த கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகுதான் மருந்தைத் தொடுகிறார்கள்.

அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பதா? ஒரு காபி குடிக்கலாமே. பித்தளைக் கூட்டைப் பல தடவை ரீலோட் பண்ணலாம். கண்ணை முடியாது.